சங்கீதப் பெட்டியில் 69 இல்லை

அம்மாவுக்கு 79 வயது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. ஓரக்கண்ணால் பார்த்துச் சோற்றுப் பானையை இறக்கிவிடுவாள், ஆனால் எழுத்து மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. வேதப்புத்தகம் வாசித்த பிறகே காப்பி என்று ஐம்பது வருஷம் பழகியவள். வாசிக்க முடியாமல் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். வேதப்புத்தகத்தில் சங்கீதம் என்று எண் போட்டு 150 பாட்டுகள் இருக்கின்றனவே, அவற்றை வாசித்துக் காட்டுகிற பெட்டி.

2023 அக்டோபரில் பாளையங்கோட்டையில், காலண்டர், வசன அட்டை, ஞானப்பாட்டுப் புத்தகம் எல்லாம் விற்கிற ஒரு கடையில் வாங்கியது. விலை 1,150 ரூபாய். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஸ்பீக்கர், மேலே நான்கு பட்டன், பக்கவாட்டில் மெமரி கார்டு போடுகிற இடம். அட்டைப்பெட்டியில் கழுகு சிறகை விரித்திருக்கிற படம், கீழே 'பாதுகாப்பின் சங்கீதங்கள் 40' என்று தங்க எழுத்து. அந்த 40 என்ற எண்ணை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. சங்கீதம் என்றால் சங்கீதம், அவ்வளவுதானே என்று காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பட்டன்கள் பெரிது. தடவிப் பார்த்தாலே எது முன்னால் போகிறது, எது பின்னால் போகிறது என்று தெரிகிற மாதிரி மேடு வைத்திருக்கிறார்கள். அம்மா அரை மணி நேரத்தில் பழகிவிட்டாள். சத்தம் கணீரென்று இருக்கிறது. அடுப்படியில் வைத்தால் தொழுவம் வரை கேட்கும்.

அப்புறம் குறைகள். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதல் பாட்டிலிருந்துதான். முதலாவதாக வைத்திருப்பது 91-ம் சங்கீதம். ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து தடவை பெட்டியைப் போட்டால் ஐந்து தடவையும் 'உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்'தான். பக்கத்து வீட்டு ஆச்சிக்கே மனப்பாடமாகிவிட்டது. தானாக அணைகிற வசதியும் இல்லை. அம்மா ராத்திரி தலைமாட்டில் ஓடவிட்டபடி தூங்கிவிடுவாள், விடிந்து பார்த்தால் சார்ஜ் காலி. "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லைன்னு 121-ல உள்ளத இந்தப் பெட்டி தப்பாப் புரிஞ்சிக்கிட்டு" என்று தம்பி சொல்வான்.

வாசிப்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பழைய திருப்புதல் என்று சொல்கிற பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கிறார்கள், அது சரி. வாசிக்கிறவர் குரலும் நல்ல குரல், அழுத்தம் திருத்தமாக வருகிறது. பின்னால் கீபோர்டு ஒன்று இழைந்துகொண்டே இருக்கிறது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எண்ணைச் சொல்கிறார்கள். இதனால் 91-ல் என்ன ஆகிறதென்று கேளுங்கள். ஐந்தாம் வசனமும் ஆறாம் வசனமும் தமிழில் ஒரே வாக்கியம். "இரவில் உண்டாகும் பயங்கரத்துக்கும், பகலில் பறக்கும் அம்புக்கும்" என்று ஐந்தாவது நிற்கும். "இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்கும், மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரத்துக்கும்" என்று ஆறாவது தொடரும். இரவு, பகல், இருட்டு, உச்சிவேளை என்று நாலு பயத்தையும் வரிசையாகக் கண்முன் நிறுத்திவிட்டு, கடைசி வார்த்தையில்தான் "பயப்படாதிருப்பாய்" வரும். அதுவரைக்கும் கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மூச்சுக்கு நடுவில் பெட்டி, "வசனம் ஆறு" என்கிறது. அம்மாவுக்கு முதல் நாளே இது பிடிக்கவில்லை. "பாதிப் பயத்துல நிறுத்திட்டு நம்பர் சொல்லுதான்" என்றாள்.

மத்தியானம் என்றதும் ஒன்று. எங்கள் பக்கத்தில் உச்சிப்பொழுதில் பிள்ளைகளைக் கிணற்றடிக்கு விடமாட்டார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும் அந்தப் பயம் பொது. 91-ல் மத்தியானம் தனியாக வருவதைச் சின்ன வயதில் கேட்டபோது, சங்கீதங்களைப் பாடியதாகச் சொல்கிற தாவீதின் ஊரிலும் கிணறு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (91-க்குத் தமிழில் தலைப்பில் தாவீதின் பெயர் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.) சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த ஒரு சுருளில் இந்தச் சங்கீதத்தைப் பேயோட்டுகிற பாடல்களோடு சேர்த்து எழுதி வைத்திருந்தார்கள் என்று எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், ஒரு பிரசங்கத்தில் சொன்னார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் இதைத் தாளில் எழுதித் தலையணைக்கடியில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். என்னுடைய ஜெராக்ஸ் கடையில் அதிகமாக லேமினேஷன் செய்து கொடுத்த வேத பகுதி எது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு 91 என்பேன். அதற்கு அடுத்தது 23, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கேட்பது. மூன்றாவது 121. அது வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு, "உன் போக்கையும் உன் வரத்தையும்" என்று முடிகிறதில்லையா, அதற்காக.

நாலாம் வசனத்தில் என் சின்னவன் எப்போதும் சிரிப்பான். "அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவாய்" என்பதை அவன் சேட்டை என்று கேட்டுக்கொண்டு, கடவுள் என்ன சேட்டை பண்ணுவார் என்பான். செட்டை என்றால் சிறகு என்று சொல்லி, பெட்டியில் இருந்த கழுகுப் படத்தைக் காட்டினேன். அம்மாவுக்குப் படம் தெரியாது, என்ன படம் என்று கேட்டாள். கழுகு என்றேன். "கழுகா? கழுகு குஞ்சத் தூக்கிட்டுப் போறதுல்லா! கோழியப் போட்டிருக்கணும்" என்றாள். அம்மா கோழி வளர்த்தவள். மேலே பருந்து வட்டமிட்டால் தாய்க்கோழி ஒரு மாதிரி அடித்தொண்டையில் கூப்பிடும், குஞ்சுகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்து செட்டைக்கடியில் புகும், கோழி அப்படியே உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எங்காவது ஒரு குஞ்சு மட்டும் இறகுக்கு நடுவில் தலையை நீட்டி வேடிக்கை பார்க்கும். அம்மாவுக்கு 91 என்றால் அதுதான். உண்மையில் வேதத்தில் கழுகும் வருகிறது, கோழியும் வருகிறது. இதை அம்மாவிடம் சொன்னால் எடுபடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா இருப்பது ஏரலுக்குப் பக்கத்தில், தம்பி குடும்பத்தோடு. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை என்றால் அப்படி ஒரு மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலே நடுவில் மாட்டிக்கொண்டது. தாமிரபரணியில் தண்ணீர் ஏறி, திங்கட்கிழமை விடியுமுன் தெருவுக்குள் வந்துவிட்டது. தம்பி அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்குப் போயிருக்கிறான். தம்பி மனைவி பிள்ளைகளையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறாள். பையில் ரேஷன் கார்டு, பத்திரம், மருந்து, இந்தப் பெட்டி. வேதப்புத்தகம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது, அதை எடுக்க நேரமில்லை.

மொட்டை மாடியில் நாலு குடும்பம். தார்ப்பாய் ஒன்றைக் கட்டி அதற்கடியில் எல்லாரும். கரண்டு இல்லை, போன் கிடையாது. ஐந்து நாள் நான் இங்கே பாளையங்கோட்டையில் ஒரு தகவலும் தெரியாமல் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தேன். எங்கள் கடைக்குள்ளும் முழங்கால் தண்ணீர்தான், ஆனால் அதை யார் பார்த்தார்கள்?

பாட்டரிக்கு இதைவிட ஒரு சோதனை வேண்டாம். அதில் பெட்டி தேறிவிட்டது என்று சொல்ல வேண்டும். ஞாயிறு மத்தியானம் சார்ஜ் போட்டதுதான். திங்கள் முதல் வியாழன் சாயங்காலம் வரை, விட்டு விட்டு, மொத்தம் எட்டு மணி நேரமாவது பாடியிருக்கும். மழைச்சாரல் பட்டும் கெடவில்லை. மாடியில் இருந்த மற்றவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி விளக்கு வைக்கிற நேரத்தில் சஷ்டி கவசம் சொல்வார்களாம், புத்தகம் இல்லாமலே, தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பாகக் காக்கச் சொல்லி. அதை முடித்துவிட்டு, "உன் பெட்டியப் போடு, அதும் கேப்போம்" என்பார்களாம். அம்மா போடுவாளாம். 91, அடுத்தது 23, அடுத்தது 46. "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்." நாலு குடும்பமும் இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததைத் தம்பி மனைவி சொல்லும்போது, இந்த 1,150 ரூபாயை நான் கொடுத்ததிலேயே நல்ல செலவு என்று நினைத்தேன்.

ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி அம்மா வேறொன்றைத் தேடியிருக்கிறாள். முன்னால் பட்டனை அமுக்கி அமுக்கி நாற்பதையும் கடந்து மறுபடி 91-க்கே வந்துவிட்டது. இன்னொரு தடவை சுற்றியிருக்கிறாள். தம்பி மனைவி சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று கேட்டதற்கு, "தண்ணி மேல ஏறி வருது, நிக்க நிலையில்லைன்னு ஒண்ணு உண்டுட்டீ, அது இதுல வர மாட்டேங்கு" என்றாளாம்.

அது 69. "தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது. ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை." உளை என்றால் சேறு. அன்றைக்கு அந்தத் தெரு முழுக்க அதுதான். அடுத்த வசனத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு இளைத்துப்போய்த் தொண்டை வறண்டுபோயிற்று என்று வரும். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், மாடியிலோ குடிக்க இருந்தது ஒரு குடம். அம்மா தனக்குத் தெரிந்த மூன்று வசனத்தைச் சொல்லிவிட்டு, நாலாவது வராமல் நின்றுபோனாள். புதன்கிழமை சபை ஊழியரான உபதேசியார் இடுப்பளவு தண்ணீரில் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்திருக்கிறார். அவர் மேலே ஏறி மூச்சு வாங்குவதற்குள், "ஐயா, 69 முழுசும் உங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா கேட்டாளாம். பாவம், அவருக்கும் நாலாவது வரவில்லை. 91-ஐச் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தேன். அம்மாவைப் பார்த்து அழுது முடித்த பிறகு அவள் சொன்ன முதல் புகாரே இந்தப் பெட்டியைப் பற்றித்தான். எனக்குக் கோபம் வந்தது, நியாயமாகவே. ஆயிரம் பேர் விழுந்தாலும் "அது உன்னை அணுகாது" என்கிற பாட்டு இதில் இருக்கிறது. அது வீட்டுக்குள் வந்து அலமாரியின் மூன்றாம் தட்டு வரை ஏறிவிட்ட பிறகு பாட வேண்டிய பாட்டு இல்லை. அட்டையில் அச்சிட்டிருந்த வரிசையை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். 3 இருக்கிறது, 27 இருக்கிறது, 34, 46, 91, 121, 125 எல்லாம் இருக்கின்றன. 13 இல்லை, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குவது. 22 இல்லை. 44 இல்லை. அதில்தான் ஆண்டவரே விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர் என்று கேட்டிருக்கிறது. 121-ல் தூங்காதவர் என்று சொன்னவரிடமே, 44-ல் ஏன் தூங்குகிறீர் என்று சண்டை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் தைத்து வைத்திருக்கிறார்கள். பெட்டி செய்தவர்கள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துவிட்டார்கள். கடைசி வரி வரைக்கும் விடியாத 88-ம் இல்லை. இந்த மாதிரிச் சங்கீதங்கள் நூற்றைம்பதில் கொஞ்சமல்ல, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது.

69-ஐ ஏன் விட்டார்கள் என்று ஓரளவு புரிகிறது. நடுவில் பகைவரைச் சபிக்கிற வசனங்கள் வருகின்றன, பரிசுப்பெட்டிக்கு அது சரிப்படாது. ஆனால் சிலுவைப்பாடு வாசிக்கிற பெரிய வெள்ளியன்று நினைவுக்கு வருகிற காடி, இயேசுவுக்குக் குடிக்கக் கொடுத்த அந்தப் புளித்த பானம், அதே 69-ல் உள்ளதுதான்.

எங்கள் ஐயரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்று சொன்னார். மத்தேயு நாலாம் அதிகாரத்தில் ஆலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, கீழே குதியும் என்று சொல்கிற பிசாசு எடுத்துக்காட்டுவது இதே 91-ஐத்தான். தூதர்கள் கையில் ஏந்திக்கொண்டுபோவார்கள் என்கிற வசனத்தை. "அவனும் அந்த ஒரு சங்கீதத்தைத்தான் மனப்பாடம் பண்ணியிருந்தான் போல" என்று சிரித்தார். பெட்டியின் அட்டைக்குப் பின்னால் இதை அச்சடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. விற்காது.

ஜனவரியில் கடைக்குப் போனேன். கேட்டதற்குக் கடைத் தம்பி, "அக்கா, அழுகிற சங்கீதமெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். மாற்றித் தரவோ வேறு கார்டு தரவோ வழியில்லையாம். ஒன்றரை மாதத்தில் சார்ஜ் போடுகிற பின் ஆட ஆரம்பித்ததையும் காட்டினேன், தண்ணீர் பட்டதற்கு உத்தரவாதம் கிடையாது என்றான். மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் நானே செய்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். பழைய திருப்புதலின் ஒலிப்பதிவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வசன எண் சொல்லாமல் வாசிக்கிற பதிவாகத் தேடி, 150-ஐயும் ஒரு புது மெமரி கார்டில் ஏற்றிப் போட்டேன். போட்டதும் பெட்டி 1 பாடியது, அடுத்தது 10, அடுத்தது 100, 101, 102 என்று போய்க்கொண்டே இருந்தது. பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடுக்குகிற பெட்டி இது, 2 வருவதற்குள் சாயங்காலமாகிவிடும். எல்லாவற்றுக்கும் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயர் மாற்றியதும் ஒழுங்குக்கு வந்தது. சேலா என்கிற சொல்லையும் இந்தப் பதிவில் விடாமல் வாசிக்கிறார்கள். சங்கீத புத்தகத்தில் அது 71 இடத்தில் வருகிறது, அர்த்தம் யாருக்கும் நிச்சயமில்லை. பழைய பெட்டியில் அதை விழுங்கிவிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி.

இன்னொரு சிக்கல் இருந்தது. எண் அமுக்குகிற வசதி இல்லாததால் 69-க்குப் போக அம்மா 68 தடவை பட்டனை அமுக்க வேண்டும். போடும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்குகிற அந்தக் குறை இப்போது கைகொடுத்தது. 69-ஐ இன்னொரு பிரதி எடுத்து 000 என்று பெயர் கொடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டேன்.

வாங்கலாமா என்று கேட்டால், பெட்டியை வாங்கலாம், உள்ளே இருப்பதை நம்பி வாங்க வேண்டாம். கண் தெரியாதவர்களுக்கு அந்தப் பட்டன் மேடுகளுக்காகவே வாங்கலாம். போன வாரம் அதே கடையில் புது மாடல் பார்த்தேன், 150-ம் இருக்கிறதாம், 1,650 ரூபாய். கடையில் வைத்தே 88-ஐப் போட்டுக் காட்டச் சொன்னேன், இருந்தது. எண் சொல்வதை மட்டும் இன்னும் விடவில்லை. காசு கொடுக்குமுன் நீங்களும் ஒரு அழுகைச் சங்கீதத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் பெட்டியின் சார்ஜ் பின்னை இப்போது ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. தம்பி மனைவிதான் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறாள். விடிந்ததும் விடியாததுமாக, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில், வீடு முழுக்க வெள்ளம், சேறு, தொண்டை வறட்சி என்று கேட்க வேண்டியிருக்கிறதாம். மதினி, 91-ஐயே முதலில் வைத்துத் தாங்களேன் என்கிறாள். அம்மா காப்பி டம்ளரைத் தடவி வாங்கிக்கொண்டு, "36 வசனம் இருக்குட்டீ, முடியட்டும். கடைசில நல்லா வரும்" என்கிறாள்.